கடை போர்டுக்கு யார் காசு கொடுத்தார்கள்? அவரவர் அனுபவம்

சங்கரன்கோவில், பலசரக்குக் கடை:

எங்கள் கடையை அப்பா தொடங்கியபோது தகரத்தில் எனாமல் பெயிண்டால் தாத்தா பெயரை எழுதி மாட்டினார். அது துருப்பிடித்த சமயத்தில் ஒரு குளிர்பானக் கம்பெனி ஏஜென்ட் வந்து, ‘போர்டு எங்க செலவு அண்ணாச்சி, நீங்க ஒரு பைசா தர வேண்டாம்’ என்றார். பன்னிரண்டடிக்கு மூன்றடி, உள்ளே டியூப் லைட். அப்பாவுக்குச் சந்தோஷம். மாட்டிய பிறகு பார்த்தால் முக்கால்வாசி பாட்டில் படம். தாத்தா பெயர் ஓரத்தில் ஒரு சாண் அகலத்தில் கிடந்தது.

எங்கள் ஊர்க் கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வெளியூர்க் கூட்டம் எவ்வளவு வரும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ஒரு வருஷம் ஒரு குடும்பம் சாமான் பையை எங்கள் கடையில் வைத்துவிட்டு தபசுக் காட்சி பார்க்கப் போனது. எங்கள் வீதியில் மட்டும் நான்கு கடையில் அதே கம்பெனி போர்டு. அந்த அம்மா மற்ற மூன்று கடையிலும் கேட்டுவிட்டு, தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டபடி ராத்திரி பத்து மணிக்கு எங்கள் கடைக்கு வந்து சேர்ந்தார். ‘எல்லாக் கடையும் ஒண்ணு போல இருக்கே தம்பி’ என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அன்று தூக்கமே வரவில்லை. முப்பது வருஷமாக ஒரே இடத்தில் கடை வைத்திருக்கிறோம், எங்கள் பெயரை ஒருவராலும் படிக்க முடியவில்லை.

தனியாகப் போட்டால் பெரிய செலவு. அதனால் வீதியில் பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு சீட்டு ஆரம்பித்தோம். மாதம் ஆளுக்கு 2,000, சேர்வது 20,000. குலுக்கலில் யார் பெயர் வருகிறதோ அந்தக் கடைக்கு அந்த மாதம் போர்டு. பணம் கையில் தருவதில்லை, போர்டு போடுகிறவருக்கே நேராகப் போய்விடும். ஒரே ஒரு நிபந்தனை: போர்டில் கடைப் பெயர்தான், கம்பெனிப் படம் கூடாது. இதுவரை ஏழு கடை மாறிவிட்டது. உங்கள் ஊரில் எப்படிச் சமாளித்தீர்கள்?

பரமக்குடி, தையற்கடை:

அண்ணா, நான் முத்ரா கடனில் போட்டேன், சிறுதொழில்காரர்களுக்கு அரசுத் திட்டத்தில் வங்கி தருவது. சிசு பிரிவில் 50,000 வரை கிடைக்கும், ஜாமீன் சொத்து கேட்கக் கூடாது. ஆனால் முதலில் போன வங்கிக் கிளையில், ‘போர்டுக்கெல்லாம் கடனாம்மா?’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு கிளைக்குப் போனேன். அங்கிருந்த ஒரு மேடம்தான் வழி சொன்னார்: ஓவர்லாக் மெஷின், கட்டிங் டேபிள், போர்டு மூன்றுக்கும் கொட்டேஷன் வாங்கி ஒன்றாகக் கொடுங்கள் என்று. கிடைத்துவிட்டது. என் கடை மாடியில் இருக்கிறது. போர்டு வந்த பிறகுதான் கீழே நடந்து போகிறவர்களுக்கு இங்கே ஒரு தையற்கடை இருப்பதே தெரிந்தது.

தேனி, போர்டு எழுதுகிறவன்:

இருபத்தைந்து வருஷமாக பிரஷ் பிடிக்கிறேன். ஃப்ளெக்ஸ் வந்தபோது பாதி வேலை போனது. மலிவு என்று எல்லாரும் அங்கே போனார்கள். மேற்கே பார்த்த கடையில் ஃப்ளெக்ஸ் மாட்டினால் வெயிலில் சீக்கிரமே சிவப்பு வெளுத்துவிடும், அப்புறம் மறுபடி செலவு. தகரத்தில் ரெட் ஆக்சைடு அடித்து, காயவிட்டு எழுதிய என் பழைய போர்டுகள் சில இன்றும் நிற்கின்றன.

காசு செலவழிக்கிறவர்கள் எழுத்தைக் கவனியுங்கள். ஒரு அங்குல உயர எழுத்தைப் பத்தடி தூரத்திலிருந்து நன்றாகப் படிக்கலாம் என்பது தொழிலில் ஒரு கணக்கு. அது ஆங்கில எழுத்துக்குப் போட்டது. தமிழில் கி, கீ மேலே வளையும், கு, ழு கீழே இறங்கும். அதற்கு இடம் விடாமல் நெருக்கினால் தெருவிலிருந்து வெறும் சுழியாகத்தான் தெரியும். நான் எப்போதும் கொஞ்சம் கூட்டியே வைப்பேன். இன்னொன்று, போர்டு எழுத்தில் தமிழ் 5, ஆங்கிலம் 3, மற்ற மொழி 2 என்ற விகிதம் நம் மாநிலத்தில் விதியாகவே இருக்கிறது. முதலிலேயே அப்படி எழுதிவிட்டால் பிறகு பிரித்து எழுதும் செலவு மிச்சம்.

அமெரிக்காவின் இலினாய்ஸ், சிறிய உணவகம்:

நாங்கள் இருக்கும் ஊரில் கடைவீதிச் சங்கம் பாதிச் செலவைத் தந்தது. போர்டு எப்படி இருக்கும் என்ற வரைபடத்தை முதலில் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். வேலை முடிந்து பில் கொடுத்த பிறகுதான் பணம் வரும், அதுவரை முழுச் செலவும் நம் கையிலிருந்து. அந்த நான்கு மாதம் கஷ்டம்தான். சுவரிலிருந்து நீட்டி நிற்கும் பலகையாக வைக்கச் சொன்னார்கள். நடைபாதையில் வருகிறவர் கண்ணுக்கு நேராக நிற்பதால் அது நல்ல யோசனை. 1977-இல் இந்த மாநிலத்துக் கேல்ஸ்பர்க் உட்பட மூன்று ஊர்களில் பழைய கடைவீதிகளை மீட்கச் சோதனையாகத் தொடங்கிய முயற்சி, 1980-இல் நாடு முழுவதற்குமான திட்டமானது. எங்கள் சங்கமும் அந்த வழியில் வந்ததுதான்.

சங்கரன்கோவில், பலசரக்குக் கடை:

எல்லாருக்கும் நன்றி. தங்கச்சி, மூன்று கொட்டேஷன் விஷயத்தைச் சீட்டில் இல்லாத கடைக்காரர்களிடம் நாளைக்கே சொல்கிறேன். தேனி அண்ணாச்சி, எங்களில் இன்னும் மூன்று கடை பாக்கி. மூவருமே கையால் எழுதிய போர்டுதான் வேண்டும் என்கிறார்கள், ஊரில் எழுத ஆள் இல்லை. நீங்கள் வருவீர்களா? தங்குவதற்கு எங்கள் வீட்டு மாடி இருக்கிறது.