கெமிஸ்ட்ரி பேப்பர் ஆன்சர் செக் பண்ணலாம் வாங்க, ஆர்கான் கேள்விக்கு என்ன போட்டீங்க?

நீலலிட்மஸ்:
ஹாலை விட்டு வெளிய வந்ததுல இருந்து ஆளாளுக்கு ஒரு ஆன்சர் சொல்றாங்க, தலையே சுத்துது. நான் போட்டத கீழ எழுதுறேன், உங்களுக்கு வேற வந்திருந்தா ஸ்டெப்போட சொல்லுங்க ப்ளீஸ், வெறும் ஆப்ஷன் மட்டும் சொன்னா எனக்கு மனசு ஆறாது.

10 பவர் மைனஸ் 8 மோலார் ஹெச்சிஎல்லோட பிஹெச், நான் போட்டது 6.98. ஆப்ஷன்ல 8, 7, 6.96, 6.98 நாலும் இருந்துச்சு, என் கூட எழுதுனவங்க பாதிப்பேர் 6.96ன்னு அடிச்சு சொல்றாங்க.
ஜிங்க் காப்பர் செல், ஜிங்க் அயனி 0.1 மோலார், காப்பர் அயனி 0.01 மோலார், ஸ்டாண்டர்ட் செல் வோல்டேஜ் 1.10 வோல்ட், இப்ப செல் வோல்டேஜ் என்ன? எனக்கு 1.07 வந்துச்சு, சிலருக்கு 1.13.
பிசிஎல்5 பிரிஞ்சு பிசிஎல்3யும் குளோரினும் ஆகுற சமநிலைல, கன அளவு மாறாம ஆர்கான் சேர்த்தா என்ன ஆகும்? மாற்றம் இல்லன்னு போட்டேன். இதுலதான் பெரிய சண்டையே.
முதல் வகை வினை 75 சதவீதம் முடிய 40 நிமிஷம்னா அரை ஆயுள் 20 நிமிஷம். இது எல்லாருக்கும் ஒண்ணுதான்னு நினைக்கிறேன்.

மெத்தில்ஆரஞ்சு:
20 கரெக்ட், 75 சதவீதம்னா ரெண்டு அரை ஆயுள், அதுல பேச ஒண்ணும் இல்ல. செல் கணக்கும் 1.07தான். ஃபார்முலால லாக்குக்குள்ள எது மேல எது கீழன்னு குழப்பம் வந்தா இப்படி யோசிங்க, இங்க உருவாகுறது ஜிங்க் அயனி, செலவாகுறது காப்பர் அயனி, உருவாகுறது அதிகமாவும் செலவாகுறது கம்மியாவும் இருந்தா வினை முன்னால போற வேகமே கொறையத்தானே செய்யும், வேகம்னா ரேட்ட சொல்லல, தள்ளுற சக்தி. அதனால 1.10ஐ விட கம்மியாதான் வரணும், 1.13 வர வாய்ப்பே இல்ல. 0.1ஐ 0.01ஆல வகுத்தா 10, லாக் 1, 0.0591 பை 2 கிட்டத்தட்ட 0.03, கழிச்சா 1.07.

ஆனா ஆர்கான் கேள்வில நான் உங்க பக்கம் இல்ல. ஆர்கான் உள்ள போனா மொத்த அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறுனா மோல் கம்மியா இருக்குற பக்கம் போகணும், அதாவது பிசிஎல்5 பக்கம். லீ சாட்லியர் சொன்னது இதானே?

அணுக்கரு07:
@மெத்தில்ஆரஞ்சு நானும் அதையேதான் போட்டேன் மச்சி, பின்னோக்கின்னு. ப்ளீஸ் யாராச்சும் கன்ஃபார்ம் பண்ணுங்க.

கவின்மொழி:
நான் காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிக்கிறேன், பசங்களா கொஞ்சம் பொறுமையா படிங்க, இந்த கேள்வி வருஷா வருஷம் ஏதாவது ஒரு பேப்பர்ல வந்து இதே சண்டைய கிளப்பும்.

மொத்த அழுத்தம் ஏறுறது உண்மைதான். ஆனா சமநிலை மொத்த அழுத்தத்த பாக்காது, அந்தந்த வாயுவோட பகுதி அழுத்தத்த மட்டும்தான் பாக்கும். நம்பர் வச்சு பாப்போம், மூணு வாயுவும் ஒவ்வொண்ணும் 1 அட்மாஸ்ஃபியர்னு வச்சுக்கோங்க, அப்போ கேபி, அதாவது பிசிஎல்3, குளோரின் பகுதி அழுத்தங்கள பெருக்கி பிசிஎல்5ஓடதால வகுத்தா வர்ற சமநிலை மாறிலி, 1, மொத்தம் 3. இப்ப பாத்திரத்தோட கன அளவு மாறாம 3 அட்மாஸ்ஃபியர் ஆர்கான் விடுறீங்க. மொத்தம் 6 ஆயிடுச்சு, ஆனா பிசிஎல்5 இன்னும் 1தான், பிசிஎல்3யும் 1, குளோரினும் 1. விகிதம் அப்படியே 1. எங்கயும் நகர வேண்டிய தேவையே இல்ல. லிட்மஸ் போட்டது சரி.

லீ சாட்லியர்ல அழுத்தம் ஏறுனான்னு படிக்கிறது பிஸ்டன அமுக்கி கன அளவ கொறைக்கிற கேஸ், அப்போ பகுதி அழுத்தம் எல்லாமே ஏறும், அதனால நகரும். அத இங்க கொண்டாந்து பொருத்தக் கூடாது.

இதே கேள்வில "மாறாத அழுத்தத்தில்"னு இருந்திருந்தா ஆன்சர் வேற. அதே அளவு ஆர்கான் சேர்த்தா மொத்தம் 3லயே நிக்கணும், அதுக்கு கன அளவு ரெண்டு மடங்கு ஆகும், ஒவ்வொண்ணும் 0.5 ஆயிடும். இப்ப விகிதம் 0.5 இன்ட்டு 0.5 பை 0.5, அதாவது 0.5. கேபி 1ஐ விட கம்மி, அதனால முன்னோக்கி போகும், பிசிஎல்5 இன்னும் பிரியும். கேள்வித்தாள எடுத்து அந்த ஒரு வார்த்தைய மறுபடி பாருங்க, எல்லாம் அதுலதான் இருக்கு.

மெத்தில்ஆரஞ்சு:
பாத்துட்டேன் அக்கா, "மாறாத கன அளவில்"னுதான் இருக்கு. 0.5 வச்சு போட்டு காட்டுனதும் ரெண்டு கேஸும் பளிச்சுன்னு புரிஞ்சிருச்சு.

அணுக்கரு07:
அப்போ 6.96ஆ 6.98ஆ? ஹைட்ரஜன் அயனி ஆசிட்ல இருந்து 10 பவர் மைனஸ் 8, தண்ணில இருந்து 10 பவர் மைனஸ் 7, கூட்டுனா 1.1 இன்ட்டு 10 பவர் மைனஸ் 7, லாக் எடுத்தா 6.96 வருதே.

கவின்மொழி:
கூட்டணும்ங்கிற யோசனை சரி, எவ்வளவுன்னு கூட்டுறதுலதான் விஷயம். சுத்தமான தண்ணிலதான் 10 பவர் மைனஸ் 7. ஆசிட் சேர்ந்த உடனே பொது அயனி விளைவால, அதாவது ஹைட்ரஜன் அயனி ஏற்கனவே இருக்குறதால, தண்ணி பிரியிறது கொஞ்சம் கொறையும். தண்ணி தர்றத எக்ஸ்னு வச்சா, (எக்ஸ் கூட்டல் 10 பவர் மைனஸ் 8) இன்ட்டு எக்ஸ் சமம் 10 பவர் மைனஸ் 14. இருபடிச் சமன்பாடு போட்டா எக்ஸ் ஏறக்குறைய 9.5 இன்ட்டு 10 பவர் மைனஸ் 8. அதோட ஆசிட்டோடது சேர்த்தா 1.05 இன்ட்டு 10 பவர் மைனஸ் 7, பிஹெச் 6.98. ரெண்டையும் ஆப்ஷன்ல வச்சிருக்காங்கன்னா இந்த வித்தியாசம் தெரியுதான்னு பாக்கத்தான் வச்சிருக்காங்க. 8 போட்டவங்களுக்கு மட்டும் ஒண்ணு, ஆசிட்ட எவ்வளவு தண்ணி ஊத்தி நீர்த்தாலும் அது பேஸ் ஆகாது, அதனால 25 டிகிரில 7ஐ தாண்டி ஒரு நம்பர் வந்தாலே உடனே சந்தேகப்படுங்க.

நீலலிட்மஸ்:
ரொம்ப நன்றி அக்கா, இப்பதான் நிம்மதியா இருக்கு. ஒண்ணே ஒண்ணு மட்டும், 2-புரோமோபியூட்டேன் கூட ஆல்கஹாலிக் கேஓஹெச், முதன்மை விளைபொருள் பியூட்-2-ஈன்தானே? பக்கத்து ரூம்ல எழுதுன ஒருத்தி பியூட்டன்-2-ஆல்னு சொல்றா.

மெத்தில்ஆரஞ்சு:
பியூட்-2-ஈன்தான், சேட்செவ் விதி, அதாவது இரட்டைப் பிணைப்புல அதிக கார்பன் தொகுதி ஒட்டியிருக்குற ஆல்கீன்தான் அதிகமா வரும். நீர்த்த கேஓஹெச் கொடுத்திருந்தா அவங்க சொல்ற ஆல்கஹால் வந்திருக்கும். சிஸ்ஸா டிரான்ஸான்னு கேக்கல, கேட்டிருந்தா டிரான்ஸ்தான் அதிகம், ரெண்டு மெத்தில் தொகுதியும் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்காது.