மாட்டுக்கொட்டகையை வீடாக்கி வாடகைக்கு விட்டிருக்கிறோம், அப்ரூவல் இல்லை

வணக்கம். கோவையில், சிங்காநல்லூர் பக்கம் எங்கள் வீடு. அப்பா மாடுகளை விற்ற பிறகு பின்பக்கக் கொட்டகை சும்மா கிடந்தது. நாலு வருடம் முன்பு சுவர் எழுப்பி, தளம் போட்டு, பாத்ரூமும் வைத்து ஒற்றை அறை வீடாக்கினோம். தீவனத் தொட்டி இருந்த இடத்தில்தான் இப்போது சிங்க் இருக்கிறது! காம்பவுண்டுச் சுவருக்கும் அதற்கும் ஒன்றரை அடிகூட இடைவெளி இல்லை. பிளான் அப்ரூவல் வாங்கவில்லை. கொட்டகைக்கு எதற்கு என்று மேஸ்திரி சொன்னதை நம்பியது எங்கள் தப்பு.

5,000 ரூபாய் வாடகைக்கு ஒரு தம்பதி இருக்கிறார்கள், நல்ல மாதிரி. 2017 வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துவிடலாம் என்று உட்கார்ந்தபோதுதான் பயம் வந்தது. போதாக்குறைக்கு, பக்கத்து வீட்டுக்காரர் மனு கொடுப்பேன் என்கிறார்.

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். அப்ரூவல் இல்லாத கட்டடத்துக்கு ஒப்பந்தம் பதிவாகுமா? இடைவெளி விடாததை இனி வரன்முறைப்படுத்த வழி உண்டா, இல்லை இடிக்கத்தான் வேண்டுமா? அப்புறம், கரண்ட் எங்கள் மீட்டரிலிருந்தே போகிறது, யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறோம். அதுவும் சிக்கலா? முதலில் என்ஜினியரைப் பார்ப்பதா, வக்கீலையா?

அந்தப் பெண் ஏழு மாதக் கர்ப்பம். காலி செய்யச் சொல்ல வாய் வரவில்லை.