செவ்வாய்க்கிழமை ராத்திரி, சயாம் ராஜாவின் குதிரைச் சிலை முன்னால்

பட்டர்வொர்த்திலிருந்து:

ஊர் ஊராகச் சிலைகள் பார்த்திருக்கிறேன். மனதில் நின்றது பாங்காக்கில் இருக்கும் சூலலோங்கோன் ராஜாவின் சிலைதான். சயாம் என்ற பழைய பேரோடு இருந்த தாய்லாந்தை ஆண்டவர். ஐந்தாம் ராமா என்றும் சொல்வார்கள். 2015-ல் அம்மாவோடு போனேன். அப்போது மலேசியாவில் எங்கள் பட்டர்வொர்த்திலிருந்தே நேர் ரயில் இருந்தது. மத்தியானம் ஏறினால் மறுநாள் இறங்கலாம்.

முதலில் பட்டப்பகலில் போனோம். அனந்த சமாகோம் மண்டபத்துக்கு முன்னால் பெரிய தார்த் திடல். உயரமான பீடத்தில், குதிரைமேல் ராஜா. வெயில் அம்மாவுக்குத் தாங்கவில்லை. இரண்டு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

அன்று சாயந்திரம் சீலோம் மாரியம்மன் கோயிலில் ஒரு தமிழ்ப் பெரியவர் பேச்சுக் கொடுத்தார். சிலையைப் பார்த்துவிட்டோம் என்றேன். “பகல்ல பாத்து என்ன தம்பி? நாளைக்குச் செவ்வாய். அம்மாவை ராத்திரி கூட்டிட்டுப் போங்க” என்றார்.

போனோம். அதே திடல்தானா என்று இருந்தது. தார்மேல் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். மெழுகுவத்தி, ஊதுபத்திப் புகை, எங்கு பார்த்தாலும் இளஞ்சிவப்பு ரோஜா. ராஜா பிறந்தது 1853 செப்டம்பர் 20, ஒரு செவ்வாய்க்கிழமை. நமக்குச் செவ்வாய் என்றால் சிவப்பு. அவர்களுக்கு அந்தக் கிழமையின் நிறம் இளஞ்சிவப்பு. சிலர் பிராந்தியும் சுருட்டும் படைத்திருந்தார்கள். அம்மா பார்த்ததும், “நம்ம தோட்டத்து முனீஸ்வரருக்கு வைக்கிற மாதிரியே இருக்கே!” என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பக்கத்தில் இருந்த தாய்லாந்துப் பாட்டி தன் ரோஜாக்களில் ஒன்றை எடுத்து அம்மா கையில் கொடுத்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கூடத் தெரியாது. ஆனாலும் அரைமணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஊர் திரும்பியபின் தேடிப் படித்தேன். பாரிசில் வார்த்த வெண்கலம் அது. செலவுக்கு மக்களே பணம் போட்டிருக்கிறார்கள். ராஜா பட்டமேறி 40 ஆண்டு ஆனதற்காக 1908 நவம்பர் 11-ல் திறந்தார்கள். அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார், தன் சிலையைத் தானே பார்த்திருக்கிறார். அம்மா கெடா மாநிலத்துத் தோட்டத்தில் பிறந்தவர். சிலை திறந்த அன்று அந்தக் கெடாவும் சயாமுக்கு அடங்கித்தான் இருந்தது. மறுவருஷம், 1909-ல்தான், ஒப்பந்தம் போட்டு வெள்ளைக்காரனிடம் விட்டார்கள். கெடாவிலிருந்து திறையாகப் போன புங்கா மாஸ் பற்றிப் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். பொன்னில் செய்த அந்தப் பூமரம் யார் வாசலுக்குப் போனது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

செந்தூலிலிருந்து:

அண்ணே, நான் போனது அக்டோபர் 23-ல். 1910-ல் அவர் இறந்த நாள், அங்கே அரசு விடுமுறை. பள்ளிகளும் அலுவலகங்களும் வரிசையாக மலர்வளையம் கொண்டுவந்து வைத்தார்கள், அவ்வளவு நேர்த்தி. அவர் பேரில் இருக்கும் பல்கலைக்கழகத்து மாணவர்கள் சீருடையோடு தரையில் விழுந்து வணங்கினார்கள். ராஜா முன்னால் யாரும் விழக்கூடாது, நின்று தலைவணங்கினால் போதும் என்று 1873-ல் சட்டம் போட்டதே இவர்தான். அந்தப் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தும் விழுகிறார்கள். அடிமை முறையையும் 1905-ல் இவர் ஒழித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

பட்டர்வொர்த்திலிருந்து:

உண்மைதான் தங்கச்சி, விழுந்து கும்பிட்டதை நானும் பார்த்தேன். சட்டம் பற்றி நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. அம்மாவிடம் இன்றைக்கே சொல்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: அந்த நேர் ரயில் இப்போது இல்லை. கொமுட்டர் ரயிலில் எல்லையில் இருக்கும் பாடாங் பெசார் வரை போய், அங்கே தாய்லாந்து ரயில் மாற வேண்டும். கிழமையை மட்டும் பார்த்துப் போங்கள். வயதானவர்களைக் கூட்டிப் போனால் உட்கார ஒரு பாய் எடுத்துக்கொள்ளுங்கள், ராத்திரியிலும் தரை சூடாகத்தான் இருக்கும்.