லூ மக்களின் வீட்டடித் தறியும் மலைமேல் அண்டை வீட்டாரும்

கேள்வி:
லாவோஸின் வடக்கே முவாங் சிங் சமவெளியில் லூ மக்களின் பழைய வீடுகள் மரக்கால்களின்மேல் நிற்கின்றன. அந்த வீட்டின் அடிப்பகுதி எதற்குப் பயன்படுகிறது என்பதையும், மலைமேல் வாழும் அக்கா, கம்மு என்னும் இன மக்களோடு இவர்களுக்கு என்ன கொடுக்கல் வாங்கல் என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
விறகும் கோழிகளும் அங்கே இருக்கும். ஆனால் முக்கியமானது தறிதான். வயல் வேலை ஓய்ந்த மாதங்களில் பெண்கள் அந்த நிழலில் அமர்ந்து, அவுரியில் தோய்த்துக் கருநீலமாக்கிய பருத்தி நூலைப் பாவாக, அதாவது நீளவாட்டு இழையாக, ஏற்றி, மிதிகட்டையைக் காலால் மிதித்தபடி நெய்கிறார்கள். தாய்லாந்தின் ‘நான்’ என்னும் மாகாணத்து லூ நெசவில் ‘நாம் லாய்’, அதாவது ஓடும் நீர், என்றொரு வடிவம் உண்டு. அதற்கு ஊடையின், அதாவது குறுக்கு இழையின், வண்ண நூல்களை நாடா என்னும் நெசவுக் கருவியால் அல்லாமல் விரல்களாலேயே ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டியிருப்பதால், வேலை மெல்லத்தான் நகரும்.

மறுமொழி 2:
கொடுக்கல் வாங்கலைப் பற்றி: கம்மு மக்கள் காட்டுப் பொருள்களையும் பருத்தியையும் கீழே கொண்டுவந்து துணியும் உப்பும் பெற்றுச் சென்ற வழக்கம் பழையது. லூ மக்கள் தேரவாத பௌத்தர்கள். அக்கா மக்களோ முன்னோரை வழிபடுபவர்கள். எனினும் முவாங் சிங்கின் காலைச் சந்தையில் இரு சாராரும் அருகருகே கடை விரிப்பதுண்டு.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பருத்தியைக் கொடுத்துத் துணியாகத் திரும்பப் பெற்றார்கள் என்பது எனக்குப் புதிய செய்தி.