பின்மக்ஸ்: 'முனை அமைவு' போதாது, 'கால் மடைமாற்று' வேண்டும்

ஐயா, சிப்பின் ஒவ்வொரு காலும் எந்தப் பணியைச் செய்யவேண்டும் என்று தேர்வதுதான் பின்மக்ஸ். அதற்குத் தமிழில் நீங்கள் சொன்ன 'முனை அமைவு' எனக்கு ஒப்பவில்லை. இரண்டு வேலைகளை அது ஒரே சொல்லில் அடைக்கிறது. ஒரு காலில் எந்தப் பணி ஓடவேண்டும் என்பது ஒன்று. அந்தக் காலின் மின் குணம் இன்னொன்று. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலே முதலாவதைப் பின்மக்ஸ், இரண்டாவதைப் பின்கான்ஃப் என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறது.

தருமபுரிப் பக்கத்துப் பட்டுப்புழு வளர்ப்பு மனையில் ஈரப்பதம் அளக்க, பீகிள்போன் பிளாக் என்ற சிறு கணினிப் பலகையில், ஆர்எஸ்485 என்ற கம்பித் தொடர்பு முறையில் பேசும் சென்சார் மாட்டுகிறோம் என்று வையுங்கள். பலகையின் பி9 இணைப்பு வரிசையில் 24ஆம் கால் யுவார்ட்-1 என்ற தொடர் தகவல் வழியின் அனுப்பும் கால், 26 வாங்கும் கால். இரண்டிலும் பணி எண் 0 என்றால் யுவார்ட்; 2 கேன், 3 ஐ2சி, இவை வேறு தொடர்பு முறைகள்; 7 ஜிபிஐஓ, அதாவது பொது உள்ளீடு-வெளியீடு. இரண்டையும் 0-இல் வைத்தாயிற்று. சென்சாருக்குக் கேள்வி போகிறது, பதில் மட்டும் வருவதில்லை.

காலின் அமைப்பை வைத்திருக்கும் பதிவகத்தை (ரெஜிஸ்டர்) பாருங்கள். 0, 1, 2ஆம் பிட்டுகள்தான் பணி எண். 3ஆம் பிட், காலை மேல் அல்லது கீழ் மின்னழுத்தத்தில் பிடித்துவைக்கும் இழுப்புக்கு. அதில் 0 இருந்தால்தான் இழுப்பு உண்டு, பலரும் தலைகீழாக எண்ணிக்கொள்வது இதைத்தான். 4ஆவது மேலா கீழா என்பது. 5ஆவது உள்ளீட்டைத் திறப்பது. 24ஆம் காலுக்கு எழுதிய வரியைப் படியெடுத்து 26க்கும் ஒட்டினால் பதினாறடிமான 10 வந்து உட்காரும், வேண்டியது 30. 10-இல் உள்ளீடு மூடியிருக்கும், அதனால்தான் பதில் வருவதில்லை. கெர்னலின் உள்நிலையைக் காட்டும் டீபக்எஃப்எஸ்ஸில் 'பின்ஸ்' கோப்பின் 96ஆம் பின்னில் (பி9இன் 26ஆம் கால்தான் அது) இது தெரியும். 'முனை அமைவு சரியா?' என்று கேட்டால், 0 வைத்தவர் 'சரி' என்றுதான் சொல்வார். சொல்லே பிழையை மறைக்கிறது.

என் பரிந்துரை 'கால் மடைமாற்று'. கிருஷ்ணகிரி அணை வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம்: ஒரு மடையை அடைத்துத்தான் அடுத்ததைத் திறப்பார். காலிலும் ஒரு நேரத்தில் ஒரு பணிதான். 'கால்' என்றாலே வாய்க்காலும்தானே! நிதியை மடைமாற்றினார்கள் என்று நாளிதழ்கள் எழுதுவது உண்மைதான். முன்னால் 'கால்' நிற்பதால் குழப்பம் வராது. பணி எண்ணை 'மடை எண்' என்போம். பின்கான்ஃப் 'கால் பண்பு'. அதற்குள் மேலிழுப்பு, கீழிழுப்பு.

சொல்லிப் பாருங்கள்: '26ஆம் காலை மடை 0-க்கு மாற்று, பண்பில் உள்ளீட்டைத் திற, மேலிழுப்பு வை.' இரண்டு வேலையும் தனித்தனியாகக் காதில் விழுகிறது.

ஆர்எஸ்485 குறிகையை மாற்றித்தரும் 5 வோல்ட் சிப்பான மேக்ஸ்485-ஐ நேராக மாட்டவேண்டாம் என்பதையும் இந்தச் சொற்களை எழுதும் பக்கத்திலேயே எழுதுங்கள். இந்தக் கால்கள் 3.3 வோல்ட்டுக்கானவை, மேக்ஸ்3485 போடலாம். வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் 'டிவைஸ் ட்ரீ' என்ற சொல்லை இப்போதைக்கு அப்படியே விடுவோம்.