இரண்டு துண்டாகத் தூங்குபவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எல்லாருக்கும் வணக்கம். அம்பத்தூர் பக்கம் சின்னதாகக் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். சரக்கெடுக்க ராத்திரி 2 மணிக்கெல்லாம் கோயம்பேட்டில் இருக்க வேண்டும், தாமதமானால் நல்ல தக்காளியை மற்றவர்கள் எடுத்துவிடுவார்கள், அதனால் மூன்று வருடமாக இரவு 9:30 முதல் 1:15 வரை ஒரு தூக்கம், அப்புறம் மதியம் ஒரு மணி நேரம். அவ்வளவுதான்.

உடம்பு பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் சரக்கோடு திரும்பும்போது பாடி மேம்பாலத்தில் ஏறியது ஞாபகம் இருக்கிறது, இறங்கியது இல்லை. பின்னால் வந்த லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்ததில்தான் விழித்தேன், ஸ்டியரிங்கில் கை அப்படியே இருந்தது. அன்றிலிருந்து பயமாக இருக்கிறது, வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பக்மின்ஸ்டர் ஃபுல்லர் என்பவர் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை அரை மணி தூங்கி, நாளைக்கு 2 மணி நேரத்திலேயே சமாளித்ததாகப் படித்தேன். எனக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை. பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும் என்கிறார்கள், துண்டு துண்டாகவாவது அதை எட்ட வேண்டும். கடையை இரவு 9 மணிக்கு முன்னால் மூட முடியாது, ஆகவே மதியத்தைத்தான் மூன்றேகால் மணி நேரமாக நீட்டணும். ஆனால் தகரக் கூரை வெக்கையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கண் மூடுவதில்லை.

நைட் டியூட்டி நர்ஸ் அக்காமார், ஓட்டுநர் அண்ணன்மார், பகலில் எப்படித் தூங்குகிறீர்கள்? விடிகாலை டீயை நிறுத்தியது யாருக்காவது உதவியதா? வண்டி எடுக்கும் முன் 20 நிமிடம் கண்ணயர்ந்தால் போதுமா? சரி, டாக்டரிடம் போவதென்றால் எந்தப் பிரிவுக்குப் போவது என்றும் சொல்லுங்கள்.