உள்ளே வரும் மெயில் எல்லாம் 554: தடைப்பட்டியல் சோதனையில் மாட்டியவை

பதிவு 1
டெபியன் 12 லினக்ஸ், போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை வாங்கி அனுப்பும் மென்பொருள்), டவ்காட் (அஞ்சல் பெட்டிக்கு). நன்றாக ஓடிக்கொண்டிருந்த சர்வர். ஒரு நாள் காலையிலிருந்து வந்த மெயில் அத்தனையும் 554 5.7.1 (நிரந்தர மறுப்பு) என்று திரும்பிப் போனது, ஜிமெயிலிலிருந்து வந்ததும் சேர்த்து. அனுப்பியவர் ஐபி ஸ்பாம்ஹவுஸ் ஜென் என்ற ஸ்பேம் ஐபி தடைப்பட்டியலில் இருக்கிறது என்கிறது லாக். கூகுளின் ஐபி எல்லாம் ஒரே இரவில் பட்டியலில் ஏறுமா? பட்டியலை டிஎன்எஸ் வழியாகத்தான் கேட்க வேண்டும்; டிக் (டிஎன்எஸ் கேள்வி கேட்கும் கட்டளை) போட்டுக் கேட்டால் வந்த விடை 127.255.255.254.

உண்மையிலேயே பட்டியலில் உள்ள ஐபிக்கு விடை 127.0.0.2-லிருந்து 127.0.0.11-க்குள் வரும். 254-இல் முடிந்தால், பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டதால் பதில் மறுக்கப்பட்டது என்று அர்த்தம். ரிசால்வ் கோப்பில் (எந்த டிஎன்எஸ்ஸைக் கேட்பது என்று சொல்லும் கோப்பு) கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8 இருந்தது. போஸ்ட்ஃபிக்ஸ் விதியோ எந்த விடை வந்தாலும் தடு என்று எழுதப்பட்டிருந்தது. ஆர்பிஎல் (தடைப்பட்டியல்) விதியில் பட்டியல் பெயரை ஒட்டி =127.0.0.[2..11] என்று சேர்த்து ரீலோட் செய்ததும் மெயில் வர ஆரம்பித்தது.

பதிவு 2
இது பாதி வைத்தியம்தான். வரம்பு போட்டதால் மெயில் வருகிறது, சரி. ஆனால் சோதனை நடக்கவே இல்லை, ஸ்பேமும் கூடவே வரும். அதே சர்வரில் அன்பவுண்ட் என்ற சொந்த டிஎன்எஸ் ரிசால்வரை நிறுவி, ரிசால்வ் கோப்பில் 127.0.0.1 (அதே சர்வர்) மட்டும் வையுங்கள். அன்பவுண்டில் ஃபார்வர்டர் (கேள்வியை வேறு டிஎன்எஸ்ஸுக்குத் தள்ளிவிடும் அமைப்பு) எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் கேள்வி சுற்றிச் சுற்றி அதே பொது டிஎன்எஸ்ஸுக்குத்தான் போகும். சோதிக்க, ஜென் பெயருக்கு முன்னால் 2.0.0.127 சேர்த்து டிக் போடுங்கள். 127.0.0.2, 127.0.0.4, 127.0.0.10 மூன்றும் வந்தால் சரி.

பதிவு 3
டிக் சரியாக இருந்தும் லாக்கில் அதே தடை தொடர்ந்த சர்வர் ஒன்று உண்டு. அன்பவுண்டைக் குறை சொல்ல முடியாது. டெபியன் 12-இல் போஸ்ட்ஃபிக்ஸின் பல வேலைகள் க்ரூட்டுக்குள் (வெளியே எதையும் பார்க்க முடியாத தனி அடைவு) ஓடுகின்றன. அங்கிருந்து வெளியே உள்ள ரிசால்வ் கோப்பு தெரியாது. அந்தத் தனி அடைவான ஸ்பூல் அடைவுக்குள் அதன் நகல் ஒன்று கிடக்கும், அதில் இன்னும் 8.8.8.8! போஸ்ட்ஃபிக்ஸ் தொடங்கும்போது நகல் எடுக்கப்படுகிறது. ரீலோட் போதாது, ரீஸ்டார்ட் வேண்டும். டிஹெச்சிபி வழியாகத் தானாக ஐபி வாங்கும் விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) என்றால் இன்னொன்று: ரீபூட்டில் ரிசால்வ் கோப்பு மறுபடி எழுதப்படும், எல்லாம் பழையபடி ஆகும். டிஹெச்சிபி கிளையன்ட் அமைப்பிலேயே 127.0.0.1-ஐக் கட்டாயமாக்கி விடுங்கள்.

பதிவு 4
முதல் பதிவுக்கு: அந்த 554 வரியை முழுதாகப் படித்திருந்தால் டிக்கே வேண்டியதில்லை. ஓபன் ரிசால்வர் (பொது டிஎன்எஸ்) எரர் என்று அதிலேயே எழுதியிருக்கும். பலரும் "தடுக்கப்பட்டது" என்ற சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். புதிய ஆர்பிஎல் விதி எதையும் நேரடியாக அமலுக்குக் கொண்டுவராதீர்கள். விதிக்கு முன்னால் வார்ன்_இஃப்_ரிஜெக்ட் போட்டு ஒரு வாரம் ஓடவிடுங்கள். மெயில் தடைபடாது, தடுத்திருக்கும் என்ற வரி மட்டும் லாக்கில் விழும். வழக்கமாக எழுதுபவர்களின் ஐபி அதில் தென்பட்டால் அங்கேயே கோளாறு தெரிந்துவிடும். டிஎன்எஸ்ஸில் கை வைக்கும் நாளில் சாஃப்ட்_பவுன்ஸை யெஸ் ஆக்குங்கள். 5-இல் தொடங்கும் மறுப்பு 4 ஆகிவிடும், அனுப்பிய சர்வர் மெயிலைக் கியூவில் வைத்து மறுபடி முயலும். அனுப்புவது போஸ்ட்ஃபிக்ஸ் என்றால் தானாக 5 நாள் வரை முயலும். 554 போனால் அந்தச் சலுகை கிடையாது, அனுப்பியவருக்கு உடனே பவுன்ஸ்தான் (மெயில் திரும்பிவிடும்). வேலை முடிந்ததும் சாஃப்ட்_பவுன்ஸை எடுத்துவிட மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் ஸ்பேம் அனுப்புகிறவர்களும் திரும்பத் திரும்பக் கதவைத் தட்டுவார்கள்.

பதிவு 1, மறுபடியும்
ஸ்பூலுக்குள் இருந்த நகலில் 8.8.8.8-தான். ரீஸ்டார்ட் செய்தாயிற்று, லாக்கில் இப்போது உண்மையான தடைகள் விழுகின்றன. பழைய லாக்கில் ஓபன் ரிசால்வர் என்று தேடி, அனுப்பியவர்களின் முகவரிகளைத் தனியே எடுத்திருக்கிறேன். மீண்டும் அனுப்பும்படி ஒவ்வொருவருக்கும் எழுத வேண்டும்.